தமிழில் வேகமாக வாசிக்கப் பழகுவது எப்படி: மலையக வாசகர்களுக்கு ஒரு செய்முறை

தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் போகிறது என்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தயாராகும் மாணவர்கள், எட்டாம் ஒன்பதாம் வகுப்போடு தோட்டத்து வேலைக்கோ கொழும்புக் கடைக்கோ போய்விட்டு இப்போது மறுபடியும் பேப்பரும் கடிதமும் வாசிக்க வேண்டியிருப்பவர்கள், போட்டிப் பரீட்சை எழுதப்போகும் இளைஞர்கள் ஆகிய மூன்று வகையினருக்கும் பொருந்தும். தேவையானவை ஒரு பென்சில், தபால் அட்டை அளவில் கெட்டித்தாள் ஒன்று, ஒரு கொப்பி, நேரம் பார்க்க ஒரு போன், நாளைக்கு 20 நிமிடம். காசு கட்டிச் சேர வேண்டிய வகுப்பு எதுவும் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. நிமிடத்துக்கு ஆயிரம் சொல், இரண்டாயிரம் சொல் என்று விளம்பரம் செய்வார்கள். 1959இல் அமெரிக்காவில் எவ்லின் வூட் தொடங்கிய வேக வாசிப்பு வகுப்புகள் முதல் இன்றைய போன் செயலிகள் வரை இதே வாக்குறுதிதான். கண் அசைவை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கீத் ரெய்னரும் கூட்டாளிகளும் 2016இல் இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னது: வேகத்தை அப்படி இரண்டு மூன்று மடங்காக்கினால் விளக்கம் குறைந்தே தீரும். ஆங்கிலம் வாசிக்கும் வளர்ந்தவர்களின் சராசரி வேகம் கட்டுரை நூல்களில் நிமிடத்துக்கு 238 சொல் என்று மார்க் பிரிஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் 2019இல் கணக்கிட்டார். நல்ல வாசகர்களும் அதைவிடப் பல மடங்கு வேகமாக வாசிப்பதில்லை. ஆகவே இங்கே நாம் தேடுவது மாயவித்தை இல்லை. தேவையில்லாமல் நிற்கும் இடங்களில் நிற்காமல் போவது, நிற்க வேண்டிய இடத்தில் நின்று போவது, அவ்வளவுதான். இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் பழகுபவர்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள்.

கண் செய்யும் வேலை

வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. குதிக்கிறது, நிற்கிறது, மறுபடி குதிக்கிறது. 1870களில் பிரான்சில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் இது கவனிக்கப்பட்டது. நிற்கும் நேரம் சுமார் கால் செக்கன். எழுத்தைப் பிடிப்பது அந்தக் கால் செக்கனில்தான், குதிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. நன்றாக வாசிப்பவர்களுக்கும் நூறு குதியில் பத்துப் பதினைந்து பின்னோக்கித்தான் போகிறது. அதனால் திரும்பிப் பார்ப்பதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். விளங்காமல் திரும்புவது நல்லது. விளங்கிய வரிக்கே பயத்தில் திரும்புவதுதான் நேரத்தைத் தின்கிறது.

மெதுவாக வாசிப்பவர் மூன்று விதத்தில் நேரத்தை இழக்கிறார்: அதிக தடவை நிற்கிறார், ஒவ்வொரு இடத்திலும் அதிக நேரம் நிற்கிறார், அடிக்கடி திரும்புகிறார். இந்த மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் கண் இல்லை, சொல் பழக்கமில்லாமைதான். கண்ணைச் சுழற்றும் பயிற்சிகள், பக்கத்தின் நடுவில் வட்டம் போட்டு உற்றுப் பார்ப்பது போன்றவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

முதல் படி: கண்ணும் வெளிச்சமும்

40 வயதைத் தாண்டியவர் பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தால், அது வாசிப்புக் குறை இல்லை, வெள்ளெழுத்து. எந்தப் பயிற்சியும் அதைச் சரி செய்யாது, கண்ணாடிதான் செய்யும். டவுன் கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடியை வாங்கிப் போட்டால் எழுத்துத் தெரியும், ஆனால் அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். உங்கள் கண்கள் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் 20 நிமிடத்தில் தலை வலிக்கும். ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டி அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கொப்பியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எழுதினால், கரும்பலகையை அடுத்த பிள்ளையைப் பார்த்துக் கொப்பி பண்ணினால், அந்தப் பிள்ளையையும் கூட்டிப்போக வேண்டும்.

புத்தகம் கண்ணிலிருந்து சுமார் 40 சென்றிமீற்றர் தூரத்தில் இருக்கட்டும். லயத்துக் காம்பராவில் ஒரே குண்டு பல்ப் நடுவில் தொங்கினால், அதற்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். உங்கள் நிழலே பக்கத்தில் விழும். பல்ப் தோளுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் வரும்படி உட்காருங்கள். பகலில் இஸ்தோப்புதான் (முன் திண்ணை) நல்ல இடம். நுவரெலியா, அம்பேவெல பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் இஸ்தோப்பிலும் வெளிச்சம் சரிந்துவிடும். பயிற்சியைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். விறகடுப்புப் புகையில் கண் எரிந்துகொண்டிருக்கும்போது வேகத்தை அளப்பதில் பயனில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி எதிர் மலையை அரை நிமிடம் பாருங்கள். கிட்டப் பார்வைக்கு இறுகிய கண் தசை தளர அது போதும்.

இரண்டாம் படி: இப்போதைய வேகத்தை அளப்பது

அளக்காமல் தொடங்கினால் முன்னேறுகிறோமா என்று தெரியாது. முன்பு வாசிக்காத, சுமாரான கடினமுள்ள பகுதி ஒன்றை எடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இலவசப் பாடநூல்கள் இதற்கு மிகவும் வசதி, ஏனென்றால் வகுப்பு வாரியாகக் கடினம் ஏறுகிறது. பெரியவர்கள் எட்டாம் வகுப்பு வரலாறோ சுகாதாரமோ எடுக்கலாம்.

சொற்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஐந்து வரியில் உள்ள சொற்களை எண்ணி ஐந்தால் வகுங்கள். ஐந்து வரியில் 32 சொல் என்றால் வரிக்கு 6.4. அப்படி 50 வரி வாசித்தால் 320 சொல். அதற்கு 200 செக்கன் எடுத்தால், 320ஐ 60ஆல் பெருக்கி 200ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 96 சொல்.

இந்த இலக்கத்தை ஆங்கிலத்தின் 238உடன் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லில் பிரித்து எழுதுவதைத் தமிழ் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே சொல்லாகக் கட்டிவிடுகிறது. தமிழில் வரிக்குச் சொற்கள் குறைவு, ஒவ்வொரு சொல்லுக்கும் சுமை அதிகம். உங்கள் போன மாத இலக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதுவும் அதே வகைப் புத்தகத்தில்.

அடுத்தது விளக்கம். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதைக் கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் யாராவது இருந்தால் அந்தப் பகுதியிலிருந்து பத்துச் சிறு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: யார், எங்கே, எத்தனை, ஏன். பத்துக்கு ஏழு சரியென்றால் 96ஐ 7ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க 67 வரும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துவிட்டுத்தான் கணக்கில் போடுவார்கள். வாசிப்பிலும் அந்தக் கழித்த நிறைதான் உங்கள் கணக்கு. கொப்பியில் நான்கு நிரல் போதும்: திகதி, பகுதி, வேகம், கழித்த வேகம். பத்துக்கு ஏழுக்குக் கீழே போனால் அன்றைய வேகத்தை எழுதவே வேண்டாம்.

மூன்றாம் படி: எங்கே தடங்குகிறது என்று கண்டுபிடிப்பது

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாதக்கணக்கில் தவறான பயிற்சியைச் செய்துகொண்டிருப்பார்கள். நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

எழுத்திலேயே தடக்கினால், அதாவது கொ, கோ, கௌ குழம்பினால், கெ, கே மாறினால், பிரச்சினை எழுத்து மட்டத்தில் இருக்கிறது. தமிழில் ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நின்று பின்னால் ஒலிப்பவை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாகப் பிடிக்கும் கண் இங்கே ஒவ்வொரு தடவையும் நின்று திரும்பும். கொம்பையும் மெய்யையும் ஒரே உருவமாகப் பார்க்கப் பழக வேண்டும். 247 எழுத்தையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. நீங்கள் தடக்கும் 20, 30 எழுத்தை மட்டும் கொப்பியில் கலைத்து எழுதி, அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் வரை ஒரு வாரம் பழகினால் போதும்.

எழுத்து சரி, நீளமான சொல்லில் மட்டும் தடக்குகிறது என்றால், சொல்லின் வால் பழக்கமில்லை. ‘தொழிலாளர்களுக்கிடையிலான’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கடந்தால் களைத்துவிடும். தொழிலாளர், களுக்கு, இடையிலான என்று மூன்று துண்டாகக் காண வேண்டும். தமிழ்ச் சொல்லின் தலை ஆயிரக்கணக்கில் இருந்தாலும், வால்கள் சில டசின்தான்: -களுக்கு, -களிடமிருந்து, -ப்பட்டுள்ளது, -க்கொண்டிருந்த, -வேண்டியிருந்தது, -மையினால். பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து இந்த வால்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். பத்து நாளில் வாலைக் கண் தானாகக் கண்டுபிடித்து, தலையில் மட்டும் நிற்கத் தொடங்கும்.

சத்தமாக நன்றாக வாசிக்கிறீர்கள், ஆனால் மனதுக்குள் வாசிக்கும்போதும் அதே வேகம்தான் என்றால், உதடு அசைகிறதா என்று பாருங்கள். விரலை உதட்டில் வைத்தால் தெரிந்துவிடும். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு வாசித்த பழக்கம் பலருக்கு இப்படி மிஞ்சியிருக்கும். மடித்த தாள் ஒன்றை உதடுகளுக்கிடையில் மெல்லப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வாசித்தால் உதட்டசைவு போய்விடும். மனதுக்குள் கேட்கும் குரலை மட்டும் அழிக்கப் போகவேண்டாம். அதை அடக்கினால் கடினமான பகுதி விளங்காது. வேக வாசிப்பு விளம்பரங்கள் அதை முதல் எதிரியாகக் காட்டுவது தவறு.

நான்காவது வகை: எல்லாம் சரி, பேப்பர்த் தமிழும் காரியாலயத் தமிழும் தான் பிடிபடவில்லை. வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று பேசுபவர் ‘வருகை தந்திருந்தனர்’ என்பதை ஒரு கணம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு மலிவான மருந்து வானொலி. காலையில் தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு அதே செய்தியை வீரகேசரியிலோ தினகரனிலோ வாசியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும், வாக்கியத்தின் போக்கும் காதில் இருக்கிறது. கண் நிற்க வேண்டிய இடங்கள் குறைந்துவிடும்.

பழகும் பிள்ளை ஒன்பது பத்து வயதாகியும், ஒழுங்காகப் பாடசாலைக்குப் போயும், எளிய சொல்லை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறாக வாசித்தால் வேகப் பயிற்சியே வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது என்று கையில் மணிக்கூட்டைக் கொடுத்து நெருக்கினால் பிள்ளை ஊகித்து வாசிக்கப் பழகிவிடும், பிறகு அதைத் திருத்துவது கஷ்டம். வகுப்பாசிரியரிடம் பேசி, விசேட உதவி கிடைக்க வழி பாருங்கள்.

நான்காம் படி: ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப

இருக்கும் முறைகளுக்குள் நம்பகமானது இதுதான். 1979இல் ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த முறை. பெரியவர்களுக்கும் வேலை செய்யும்.

நூறு முதல் நூற்றைம்பது சொல் உள்ள பகுதி ஒன்றை எடுங்கள். நூறு சொல்லில் தெரியாத சொல் இரண்டு மூன்று இருக்கலாம். ஐந்தைத் தாண்டினால் அது வேகப் பயிற்சிக்கு உதவாது, வேறு பகுதி எடுங்கள். முதல் தடவை சாதாரணமாக வாசித்து நேரத்தைக் குறியுங்கள். தெரியாத சொல்லின் பொருளைக் கேட்டோ அகராதி பார்த்தோ தெரிந்துகொண்டு, அந்தச் சொல்லை மட்டும் மூன்று தடவை சொல்லுங்கள். பிறகு இரண்டாம், மூன்றாம், நான்காம் தடவை. நான்காம் தடவையின் நேரம் முதல் தடவையைவிடக் கால் பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் பகுதி உங்களுக்குப் பெரியது.

மறுநாள் புதிய பகுதி. அதே பகுதியை ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தால் மனப்பாடமாகிவிடும். கண் வாசிக்காது, வாய் ஒப்பிக்கும். நேரம் அழகாகக் குறைந்துகொண்டே போகும், ஆனால் கணக்குப் பொய்.

ஐந்தாம் படி: பென்சிலும் அட்டையும்

பென்சிலின் பின்முனையை வரிக்குக் கீழே, சற்றுத் தொடாமல், சீராக நகர்த்துங்கள். சொல்லுக்குச் சொல் தட்டாதீர்கள். தட்டினால் கண்ணும் சொல்லுக்குச் சொல் நிற்கும். வரியின் முதல் சொல்லில் தொடங்காமல் இரண்டாவது சொல்லில் தொடங்கி, கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே அடுத்த வரிக்கு இறங்குங்கள். ஓரச் சொற்கள் எப்படியும் கண்ணில் படும்.

அட்டையைப் பலர் தலைகீழாகப் பாவிக்கிறார்கள். வாசிக்கும் வரிக்குக் கீழே அடிமட்டம் வைப்பது பாடசாலைப் பழக்கம். அது வரப்போகும் வரியை மறைக்கிறது. அட்டையை மேலே வையுங்கள், வாசித்து முடித்த வரிகளை மூடிக்கொண்டே இறங்கட்டும். முன்னால் வழி திறந்திருக்கும், பின்னால் திரும்பத்தான் முடியாது. முதல் நாட்களில் ஏதோ விட்டுப்போகிறது என்ற பதற்றம் வரும். பத்தி முடியும் வரை பொறுத்து, அதன் பிறகும் விளங்காவிட்டால் அட்டையை எடுத்துவிட்டுப் பத்தியை முழுதாக மறுபடி வாசியுங்கள். பாதி வரிக்கு மட்டும் திரும்புவதில்லை என்பது விதி. ஒரு வாரம் கழித்து அட்டையைத் தூக்கி வைத்துவிடலாம், அது ஊன்றுகோல் ஆகக்கூடாது.

ஆறாம் படி: கூட்டமாகப் பிடிப்பது

சொல்லுக்குச் சொல் நிற்காமல் சொற்கூட்டத்துக்கு ஒரு தடவை நிற்பது. எங்கே வெட்டுவது என்பதில்தான் தமிழ் வாசகர்கள் தடுமாறுகிறார்கள். பயிற்சிக்கு ஒரு வாக்கியம்:

நேற்று மாலை பெய்த கடும் மழையால் / தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் / ரெயில் பாதையில் மண் சரிந்து / போக்குவரத்து தடைப்பட்டது.

வேற்றுமை உருபு முடியும் இடத்தில் வெட்டலாம்: மழையால், இடையில். வினையெச்சத்துக்குப் பின்னால் வெட்டலாம்: சரிந்து. பெயரெச்சத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டவே கூடாது. ‘பெய்த’ என்று நிறுத்தினால் மனம் எது பெய்தது என்று தொங்கிக்கொண்டு நிற்கும். ‘பெய்த கடும் மழையால்’ என்று சேர்த்தே பிடிக்க வேண்டும். முதல் வாரம் பேப்பர்ச் செய்தியில் பென்சிலால் சரிவுக்கோடு போட்டுவிட்டு வாசியுங்கள். இரண்டாம் வாரம் கோடு போடாமல் மனதால் வெட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். கோடு போடுவதே பொழுதுபோக்காகிவிட்டால் வாசிப்பு நடக்காது.

காரியாலயக் கடிதம்: கடைசியிலிருந்து வாசிப்பது

பிரதேச செயலகத்திலிருந்தோ ஊழியர் சேமலாப நிதி தொடர்பாகவோ வரும் கடிதத்தைப் பார்த்தே பலர் கிராம உத்தியோகத்தரிடம் ஓடுகிறார்கள். சொல் கஷ்டமென்பதைவிட வாக்கியம் நீளமென்பதுதான் காரணம். தமிழில் முக்கிய வினை கடைசியில் வரும். நாற்பது சொல்லைத் தாண்டி வினையை அடைவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. திரும்பிப் போகிறோம், மறுபடி மறக்கிறோம்.

மாதிரிக்கு ஒன்று: ‘தங்களது விண்ணப்பத்துடன் இணைக்கப்பட வேண்டிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி இதுவரை கிடைக்கப்பெறாமையினால் மேற்படி விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலாதுள்ளது என்பதை இத்தால் அறியத்தருகின்றேன்.’

இதை இப்படிப் பிடியுங்கள். ‘என்பதை இத்தால் அறியத்தருகின்றேன்’ என்ற வாலை மூடிவிடுங்கள். அது எல்லாக் கடிதத்திலும் உண்டு, செய்தி அதில் இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் வினைதான் கடிதத்தின் உயிர்: எடுத்துக்கொள்ள இயலாதுள்ளது. அப்படியானால் விஷயம் பாதகம். பிறகு நடுவில் காரணம் சொல்லும் வாலைத் தேடுங்கள்: கிடைக்கப்பெறாமையினால். எது கிடைக்கவில்லை? அதற்கு நேர் முன்னால் இருக்கிறது: பிரதி. எதன் பிரதி? பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். நான்கு நிறுத்தத்தில் கடிதம் விளங்கிவிட்டது. இப்போது தொடக்கத்திலிருந்து ஒரு தடவை நேராக வாசியுங்கள், தடங்காது. பின்னர் திகதி, இலக்கம், இணைப்பு என்பவற்றைத் தனியே தேடிக் கோடிடுங்கள்.

இந்தக் கடிதங்களில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘சமர்ப்பிக்காதவிடத்து’ என்றால் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அடுத்து வருகிறது. ‘தவிர்ந்த’, ‘நீங்கலாக’ என்பவை யாரையோ வெளியே தள்ளுகின்றன. நீங்கள் உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். ‘இற்கு முன்னர்’ என்பதன் பக்கத்தில் கடைசித் திகதி இருக்கும்.

இதைவிட ஆபத்தானது எதிர்மறை. தமிழில் மறுப்பு பல நேரம் தனிச் சொல்லாக நிற்காது, சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ‘கொடுக்கப்பட்ட’, ‘கொடுக்கப்படாத’ இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு எழுத்து. வேகமாகப் போகும் கண் தலையையும் வாலையும் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கும் மறுப்பை விட்டுவிடும், பொருள் தலைகீழாகும். -ஆத, -ஆமல், -ஆமை, -இன்றி என்பவற்றைக் கண்டால் நிற்பது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். ஒரு வாரம் பேப்பரில் எதிர்மறைச் சொற்களை மட்டும் வட்டமிட்டால் போதும், பிறகு அவை தாமாகவே துருத்திக்கொண்டு தெரியும். போட்டோக் கொப்பி எடுத்த டியூட்களில் (டியூஷன் குறிப்புத் தாள்களில்) புள்ளி மங்கிப்போய் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோலத் தெரியும்; அவற்றில் வேகத்தை அளக்கவே வேண்டாம்.

பரீட்சைத் தாளில்

வினாத்தாளில் ‘மேலதிக வாசிப்பு நேரம் - 10 நிமிடங்கள்’ என்று இருந்தால், அந்தப் பத்து நிமிடமும் வாசிப்புத் திறமைக்கான புள்ளிதான். முதல் வினாவிலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தால் பாதியில் மணி அடித்துவிடும். முதல் இரண்டு நிமிடம் தாள் முழுவதையும் புரட்டி, எத்தனை வினா, எதில் எத்தனை எழுத வேண்டும், எந்தப் பகுதி கட்டாயம் என்பதை மட்டும் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் ஒவ்வொரு வினாவின் கடைசி வரியையும் பாருங்கள், ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’, ‘காரணம் தருக’ எல்லாம் அங்கேதான். மீதி மூன்று நிமிடத்தில் தெரிவு செய்த வினாக்களை முழுதாக வாசியுங்கள்.

பல்தேர்வு வினாக்களில் ‘பின்வருவனவற்றுள் தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்று முடிவதை முதலில் பார்க்கப் பழகுங்கள். நன்றாகப் படித்த பிள்ளையும் சரியானதைத் தெரிவு செய்துவிட்டு வருவது இங்கேதான். உயர்தரத்தில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. வினாவின் கடைசிச் சொல்லை இரண்டு தடவை பார்க்க நேரம் தாராளம்.

கிரகித்தல் பகுதிக்கு வினாவை முதலில், பந்தியைப் பிறகு வாசிப்பதே நல்லது. பாடப்புத்தக அத்தியாயங்களுக்கு 1946இல் பிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த வரிசை இன்றும் உதவுகிறது: தலைப்புகளை மேலோட்டமாகப் பார், தலைப்பைக் கேள்வியாக மாற்று, விடையைத் தேடி வாசி, மூடிவிட்டுச் சொல்லிப் பார், கடைசியில் மீட்டுப் பார். நேரமில்லாதவர்கள் நான்காவதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாதது அதுதான்.

எப்போது, எங்கே

முதல் வாரம் அளவெடுப்பும் தடங்கல் கண்டுபிடிப்பும். இரண்டாம் வாரம் நாளைக்குப் பத்து நிமிடம் திரும்ப வாசிப்பு, பத்து நிமிடம் அட்டையோடு புதிய பகுதி. மூன்றாம் வாரம் அட்டைக்குப் பதிலாகச் சரிவுக்கோடு. நான்காம் வாரம் பாதி நேரம் பேப்பர், பாதி நேரம் பழைய கடிதங்களோ பழைய வினாத்தாள்களோ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளப்பது போதும். தினமும் அளந்தால் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனம் சோரும். களைத்துப்போன நாளில், முக்கியமாக நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிய பிறகு, புதிய பகுதி வேண்டாம். முதல்நாள் வாசித்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

பஸ்ஸில் வாசிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கினிகத்தேனை வளைவுகளில் மனதை மாற்றிக்கொள்வார்கள். உடம்பு திரும்பிக்கொண்டிருக்கக் கண் ஒரே இடத்தில் நிலைத்தால் குமட்டல் வரும். பஸ்ஸில் வானொலிச் செய்தியைக் கேளுங்கள். ஹட்டனிலிருந்து பதுளைப் பக்கம் ரெயிலில் போனால் வாசிக்க முடியும், ஆட்டம் இருந்தாலும் திருப்பம் மெதுவானது. சுரங்கம் வரும்போது கண்ணை மூடி வாசித்ததை மனதில் சொல்லிப் பார்க்கலாம். வேகத்தை அளக்க அந்த இடம் உதவாது.

போனில் வாசிப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு நான்கைந்து சொல் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎப் கோப்பு என்றால் போனைக் கிடையாகத் திருப்பிப் பிடியுங்கள், பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வாசித்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு வரியாகிவிடும். சொற்களை ஒவ்வொன்றாகத் திரையின் நடுவில் மின்னவிடும் செயலிகளைத் தவிர்ப்பது நல்லது. திரும்பிப் பார்க்கும் வழியையே அவை அடைத்துவிடுகின்றன. தமிழில் ஒரு எழுத்துச் சொல்லுக்கும் இருபது எழுத்துச் சொல்லுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் அது வாசிப்பே இல்லை.

நான்கு வாரத்தில் ஏறாவிட்டால்

முதல் இரண்டு வாரத்தில் இலக்கம் ஏறி, பிறகு நின்றுவிடுவது வழக்கம். அட்டையும் பென்சிலும் வீண் தயக்கத்தை அகற்றியதால் வந்த ஏற்றம் அது. அதற்குப் பிறகு ஏறுவது சொல்வளத்தைப் பொறுத்தது, மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்தில் பயிற்சியைக் கூட்டாதீர்கள், விஷயத்தைக் குறுக்குங்கள்: இரண்டு வாரம் ஒரே துறையை மட்டும் வாசியுங்கள். தேயிலை விலை, சம்பளப் பேச்சுவார்த்தை, காணி உரிமை, கிரிக்கெட், எது பிடிக்குமோ அது. ஒரே துறையில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பத்தாவது செய்தியில் பாதிச் சொற்கள் பார்த்த முகங்கள். பிறகு அடுத்த துறைக்குப் போகலாம்.

வேகம் ஏறி விளக்கம் ஏழுக்குக் கீழே விழுந்தால் பென்சிலை மெதுவாக்குங்கள், பகுதியை மாற்ற வேண்டாம். இரண்டுமே விழுந்தால் முதலில் தூக்கத்தையும் கண்ணாடியையும் பாருங்கள். வேகம் அப்படியே நிற்க, விளக்கம் ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஏறினால், கழித்த கணக்கில் அது பெரிய முன்னேற்றம்: 96இல் 67ஆக இருந்தது இப்போது 86.

சிறுகதைக்கும் கவிதைக்கும் இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம். அவற்றைப் பென்சில் இல்லாமல், கடிகாரம் இல்லாமல் வாசியுங்கள். கடன் பத்திரம், காணிப் பத்திரம், மருந்துச் சீட்டு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் ஆகியவற்றையும் அப்படியே: சொல்லுக்குச் சொல், இரண்டு தடவை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.